ஏழு நிமிஷ மீன்பிடி

மார்ச் 17, திங்கள்

டாக்டர் நோட்டுப் போடச் சொல்லிவிட்டார். சர்க்கரை இருநூற்று நாற்பது. "என்ன சாப்பிடுறீங்க, எவ்வளவு நடக்குறீங்க, ஒண்ணு விடாம தினமும் எழுதுங்க. அடுத்த மாசம் நான் படிச்சுப் பார்ப்பேன்" என்றார். முப்பத்தோரு வருஷம் கண்டக்டராக இருந்து ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் எழுதியவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? எழுதுகிறேன்.

காலை: இட்லி நான்கு. மதியம்: சோறு, கெண்டைக் குழம்பு, மீன் மூன்று துண்டு.

என் மனைவி பொன்னழகு தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "மூணா?" என்றாள். சரி, ஐந்து. இனி இவள் பக்கத்தில் இருக்கும்போது நோட்டை எடுக்கக் கூடாது.

சோற்றைக் குறை, மீன் நல்லது, கோழியும் பரவாயில்லை என்பது டாக்டரின் உத்தரவு. எனக்கு அதைவிட என்ன வேண்டும்!

மார்ச் 19, புதன்

நடை: எங்கள் இலந்தைப்பட்டிப் பெரிய கண்மாய்க் கரையில் மேல மடை வரை போய்த் திரும்பினால் இரண்டு கிலோமீட்டர்.

மடைக்கு நேராகத் தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு கட்டியிருக்கின்றன. கார்த்திகையில் வந்து மாசி முடிவதற்குள் குஞ்சோடு கிளம்பிவிடுவதுதான் வழக்கம். இந்தத் தடவை மழை மார்கழிக் கடைசியில்தான் பெய்தது. அதனால் இவையும் லேட். இப்போதுதான் பொரித்திருக்கின்றன.

மடைக்கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபோது, கை சும்மா இருக்க மாட்டாமல் தலையை எண்ணினேன். பதினோரு கூடு, இருபத்தேழு டிக்கெட்.

இரவு: சப்பாத்தி இரண்டு, முட்டை இரண்டு.

மார்ச் 23, ஞாயிறு

மதியம்: கோழிக் குழம்பு. துண்டு எண்ணவில்லை.

பொன்னழகின் தம்பி மலைச்சாமி சாப்பிட வந்தான். பேச்சு முழுக்க மீன்பிடித் திருவிழாதான். டாக்டர் இந்த ஊர்க்காரர் இல்லை என்பதால் கொஞ்சம் விளக்கி எழுதுகிறேன். கோடையில் கண்மாய்த் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் ஒருநாள் ஊர் கூடி மீன் பிடிக்கும். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் வலையோடும் ஊத்தாக் கூடையோடும் ஆயிரம் பேர் வருவார்கள். கட்டிக் கொடுத்த பெண்கள் எல்லாம் பிறந்த வீடு வந்து சேருவார்கள். கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவது எங்கள் வீட்டு மரியாதை. நான் நான்காவது தலைமுறை. துண்டு அசைந்தால்தான் தண்ணீரில் கால் வைக்க வேண்டும். பிறகு நான் கண்மாயில் இறங்கி முகம் கழுவினால் மீன்பிடி முடிந்தது என்று அர்த்தம். அதற்குமேல் அந்த வருஷம் யாரும் வலை போடக் கூடாது. அது கரையில் இருக்கும் அய்யனாருக்குக் கொடுத்த வாக்கு.

"இந்த வருசம் விரால் தொடைத் தண்டிக்கு இருக்கு மச்சான்" என்றான் மலைச்சாமி. கண்மாய்க்குள் இறங்கி விசாரித்துவிட்டு வந்தவன் மாதிரிதான் எப்போதும் பேசுவான்.

மார்ச் 28, வெள்ளி

நடை: போகும்போது ஒரு கிலோமீட்டர். திரும்ப நேரமாகிவிட்டது.

வெயில் ஏறியதும் ஒரு நாரை கூட்டின் விளிம்பில் நின்று இரண்டு சிறகையும் விரித்துக்கொண்டது. எதற்கு இந்த அலட்டல் என்று பார்த்தேன். நிழல்! மூன்று குஞ்சும் அந்த நிழலுக்குள் படுத்திருந்தன. வெயில் நகர நகர அதுவும் நகர்ந்தது. ஜோடி வந்து தொண்டையிலிருந்து மீனைக் கக்கிக் கொடுத்துவிட்டு ஆள் மாற்றிக்கொண்டது. நான் மடைக்கல்லை விட்டு எழுந்தபோது மணி பதினொன்றரை.

என் மகள் சுகந்தி சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் எந்நேரமும் ரூட்டில்தான் இருந்தேன். ஒருநாள்கூட அவளுக்கு இப்படி நின்றதில்லை. எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 30, ஞாயிறு

மதியம்: ஆட்டுக்கறி ஒரு துண்டு. கறி முற்றல். அதனால்தான்.

ஏப்ரல் 2, புதன்

இருபத்தைந்து. காற்றில் இரண்டு விழுந்துவிட்டன. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் போய்ப் பார்த்தேன், உயிர் இல்லை. கரை வேலமரத்தடியில் புதைத்தேன்.

மதியம்: தயிர்ச்சோறு.

ஏப்ரல் 6, ஞாயிறு

மதியம்: அயிரை மீன் குழம்பு வைத்திருந்தாள். பல்வலி. ரசம் ஊற்றிச் சாப்பிட்டேன்.

மாலை: முறுக்கு மூன்று.

ஏப்ரல் 9, புதன்

முட்டை வேண்டாம் என்றேன், அமாவாசை என்று. பொன்னழகு காலண்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தட்டில் சுண்டலை வைத்துவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 11, வெள்ளி

அய்யனார் கோவிலில் ஊர்க்கூட்டம். வருகிற 20ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மீன்பிடி என்று முடிவு.

நான் எழுந்து ஒரு மாதம் தள்ளிவைக்கலாம் என்றேன். குஞ்சுக்கு இறகு முளைக்க இன்னும் ஒரு மாதம் வேண்டும், ஆயிரம் பேர் இறங்கிக் கூச்சல் போட்டால் பெரியவை கூட்டை விட்டு ஓடிவிடும், மீனும் போய்விட்டால் குஞ்சுகள் பட்டினியில் சாகும் என்று பொறுமையாகத்தான் சொன்னேன். சிரித்தார்கள். முதலில் மலைச்சாமிதான் சிரித்தான்.

"என்ன மச்சான், நாரைக்குப் பந்தி போடவா கண்மாய் வெட்டுனாக?"

"அதுகளுக்கு வாழைக்காய் திங்கத் தெரியாதுடா மாப்ள. நமக்குத் தெரியும்" என்றேன்.

இதற்கும் சிரிப்புத்தான். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. வெயிலில் தண்ணீர் தினமும் இறங்குகிறது. பள்ளிக்கூட லீவு முடிந்தால் பெண்பிள்ளைகள் வர முடியாது. வருஷத்தில் ஒருநாள் ஊர் மொத்தமும் மீன் மணக்கும், அதை விடு என்றால் யார் விடுவார்கள்? போன வருஷம் என்னிடம் சொல்லியிருந்தால் நானே விட்டிருக்க மாட்டேன்.

"அப்ப நான் துண்டு வீசலைன்னா?" என்று கேட்டேன்.

மலைச்சாமி மெதுவாக, "நீங்க முடியாதுன்னா, அடுத்த முறை எங்க வீடுதான் மச்சான். நான் வீசிருவேன். ஆனா நீங்க இருக்கையில நான் வீசுறது நல்லாவா இருக்கும்?" என்றான். கிண்டலாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னான்.

நானே வீசுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இரவு சாப்பிடவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் தேதி. வீட்டில் சைவம்தான். மாங்காய்ப் பச்சடி, பருப்பு, வடை, பாயசம் (ஒரு கரண்டி). யாருக்கும் காரணம் சொல்ல வேண்டாத நாள். நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 16, புதன்

டாக்டர் நோட்டைப் படித்தார். இரண்டு இடத்தில் சிரித்தார். சர்க்கரை நூற்று எழுபது. "மீனை ஏன் விட்டுட்டீங்க? நான் விடச் சொல்லலையே" என்றார்.

பல்வலி என்றேன். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். பல்லெல்லாம் நன்றாக இருக்கிறதாம். பயறு, சுண்டல், நிலக்கடலை தினமும் சேர்த்துக்கொண்டால் மீன் இல்லாமலும் சமாளிக்கலாம் என்றார். நல்ல மனுஷன்.

ஏப்ரல் 18, வெள்ளி

திருப்பூரிலிருந்து சுகந்தி வந்துவிட்டாள். மாப்பிள்ளையும் பேரப்பிள்ளைகள் இருவரும் கூடவே. வந்ததும் வராததுமாக, "அப்பா, ஞாயித்துக்கெழமை எனக்கு விரால் தலை. இப்பவே சொல்லிட்டேன்" என்றாள். சரிம்மா என்றேன். மீசையை நீவிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டேன்.

பொன்னழகு சிங்கம்புணரிச் சந்தைக்குப் போய் ஒரு குட்டி யானை வண்டி பிடித்து வந்து இறங்கினாள். வாழைக்காய் நான்கு தார், கத்திரிக்காய் இரண்டு மூட்டை, மாங்காய் ஒரு கூடை. ஊரே மீனுக்கு மசாலா அரைக்கும்போது இது எதற்கு என்று கேட்டேன்.

"மலிவாக் கெடச்சுச்சு" என்றாள்.

ஏப்ரல் 19, சனி

நாளைக்குக் கரையில் நாய்த் தொல்லை இருக்கும். துண்டை இடுப்பில் கட்டாமல் கையிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

இருபத்தைந்தும் இருக்கின்றன. போய் எண்ணிவிட்டுத்தான் வந்தேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

எல்லாவற்றையும் நடந்தபடியே எழுதுகிறேன்.

ஐந்தரை மணிக்கே குளித்துத் திருநீறு பூசி, அய்யனாருக்குச் சூடம் காட்டிவிட்டு மடைக்கல்லில் ஏறி நின்றேன். அப்போதுதான் டிராக்டர்களும் மினி லாரிகளும் வர ஆரம்பித்தன. எதிர்க்கரையில் பாதிப் பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள், மீதிப் பேர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஏழு மணிக்கு இன்னும் ஐம்பது நிமிஷம் இருந்தது.

ஒரு நாய் வந்தது. நாரைக் குஞ்சு ஒன்று கரையோரம் விழுந்து கிடந்தது. நாய் அதை நோக்கிப் பாய்ந்தது. பதற்றத்தில் துண்டை வீசி நாயை விரட்டினேன். கை தவறிவிட்டது, துண்டு தலைக்கு மேல் எழும்பிவிட்டது.

எதிர்க்கரையில் யாரோ, "வீசியாச்சு!" என்று கத்தினான். முன்வரிசையில் நின்ற ஐம்பது அறுபது பேர் தடதடவென்று தண்ணீருக்குள் விழுந்தார்கள். டீ குடித்தவர்கள் கிளாசைப் போட்டுவிட்டு வலையைத் தேடி ஓடினார்கள். நாரைகள் எல்லாம் ஒன்றாக மேலே கிளம்பிக் கண்மாய்க்கு மேல் சுற்றின. கூட்டில் குஞ்சுகள் மட்டும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. அதைப் பார்த்தபோது, அடுத்து நான் செய்ய வேண்டியது மறந்தே போய்விட்டது.

பிறகு நான் மடைப்படியில் இறங்கினேன். ஒரு படி, இரண்டு படி, தண்ணீர். முழங்கால்வரை போய்க் குனிந்து முகம் கழுவினேன்.

முதலில் கவனித்தது மலைச்சாமி. "மச்சான்! மச்சான்! ஏறுங்க மேல!" என்று அலறினான். நான் இன்னொரு தரம், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி, நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். வலையை எறிய ஓங்கிய கை அப்படியே நின்றது. அப்புறம் எல்லாரும் சத்தமே இல்லாமல் ஒவ்வொருவராகக் கரையேறினார்கள். அய்யனார் வாக்கை மீற இந்த ஊரில் ஆள் இல்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் கலங்குகிறது.

துண்டு வீசியது ஆறு பத்து, முகம் கழுவியது ஆறு பதினேழு என்று மாப்பிள்ளை மணி பார்த்துச் சொன்னார்.

நாரைகள் ஏழேகால் வாக்கில் கூட்டுக்குத் திரும்பின.

அதே நாள், மாலை

காலையில் வாங்கிய வசவு இந்த நோட்டுக்கு ஆகாது. வெளியூர்க்காரர்கள் மண்ணை வாரித் தூற்றாத குறையாகப் போனார்கள். சொந்த ஊரில் வயதில் சின்னவர்கள்கூட என்னைப் பார்த்துக் காறித் துப்பினார்கள். வாங்கிக்கொண்டேன். கை தவறிவிட்டது, நாய் வந்தது என்று எல்லாரிடமும் சொன்னேன்.

மலைச்சாமி ஒரு பெரிய விராலைத் தூக்கிக்கொண்டு வந்தான். முதல் மீன் துண்டு வீசியவருக்கு என்பது வழக்கம். என் காலடியில் அதைப் போட்டு, "நாலு தலைமுறை மரியாதைக்கு ஒத்த விரால். நல்லா ஆக்கித் தின்னுங்க மச்சான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான். விரால் துள்ளியது. எடுத்து அண்டாத் தண்ணீரில் விட்டேன்.

நான் வீட்டுக்குள் வந்து உட்காரக்கூட இல்லை, அதற்குள் பொன்னழகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவுக்குப் போனாள். வீடு வீடாக நின்று, "மசாலா அரைச்சு வச்சிருப்பீகள்ல? சட்டியத் தூக்கிட்டுக் கோவிலுக்கு வாங்க. வந்த பிள்ளைகளை வெறும் வயித்தோடவா அனுப்புறது?" என்றாள். கோபத்தில் இருந்தாலும் அரைத்த மசாலாவை யாரும் கொட்டிவிட மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பத்து மணிக்குக் கோவில் வாசலில் பதினைந்து அடுப்பு எரிந்தது.

வாழைக்காயைச் சாய்வாக மீன் துண்டு கணக்காக நறுக்கி, மிளகாய்த்தூளும் புளியும் பிசறித் தோசைக்கல்லில் வறுத்தார்கள். புளியைக் கரைத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் நல்லெண்ணெயில் வதக்கி, கத்திரிக்காயும் மாங்காயும் போட்டு மீன் குழம்புக்கு அரைத்த அதே மசாலாவில் குழம்பு கொதித்தது. மணம் மட்டும் எதிர்க்கரை வரை போயிருக்கும்.

ஆண்கள் முறைத்துக்கொண்டேதான் பந்தியில் உட்கார்ந்தார்கள். இரண்டாம் தரம் சோறு கேட்டதும் அதே ஆண்கள்தான். சுகந்தி என் பக்கத்தில் உட்கார்ந்து, "முள்ளு இல்லாத மீனுப்பா. பிள்ளைக நிம்மதியாத் திங்குது" என்றாள். விரால் தலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மலைச்சாமி வரவில்லை. அவன் பெண்டாட்டி தூக்குவாளியில் குழம்பு வாங்கிப் போனாள்.

மதியம்: சோறு, குழம்பு, வாழைக்காய் வறுவல் ஒன்பது துண்டு. ஒன்பதேதான்.

ஏப்ரல் 22, செவ்வாய்

நடை: இரண்டு கிலோமீட்டர், கையில் வாளியோடு.

விராலைக் கொண்டுபோய் மடையில் விட்டேன். நாரை கண்ணில் படாமல் பிழைத்துக்கொள் என்று சொன்னேன். நான் யார் பக்கம் நிற்கிறேன் என்று எனக்கே குழப்பம்தான்.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஊர்க்கூட்டம். கவனக்குறைவால் ஊருக்கு நஷ்டம் உண்டாக்கியதால் துண்டு வீசும் மரியாதை அடுத்த வருஷத்திலிருந்து மலைச்சாமி வீட்டுக்கு. துண்டை மடித்து என் கையாலேயே அவன் தோளில் போட்டேன்.

வலிக்கவில்லை என்று எழுதினால் பொய். அப்பா அந்தக் கல்லில் நின்றதைப் பார்த்திருக்கிறேன், தாத்தா நின்றதைக் கேட்டிருக்கிறேன். என்னோடு போயிற்று. வீட்டுக்கு வந்து பின்கட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

சாயந்திரம் மலைச்சாமி வந்தான். வாசலிலேயே நின்றான். "அதுக எப்பப் பறக்கும்னு எனக்குக் கணக்குத் தெரியாது மச்சான். அடுத்த வருசம் நீங்க சொல்ற தேதியிலதான் வீசுவேன். கூட்டத்துல சொன்னா சிரிப்பாய்ங்க, அதான் இங்க வந்து சொல்றேன்" என்றான். உள்ளே வந்து சாப்பிடச் சொன்னேன். கீரை என்றதும் முகத்தைச் சுளித்தான். ஆனாலும் உட்கார்ந்தான்.

மே 4, ஞாயிறு

முதல் மரத்துக் குஞ்சு ஒன்று பக்கத்துக் கிளைக்குத் தாவியது. என்னையும் அறியாமல் கை தட்டிவிட்டேன்.

மே 11, ஞாயிறு

பதினான்கு இறங்கியாச்சு. பாக்கி பதினொன்று.

மே 16, வெள்ளி

காலையில் போய்ப் பார்த்தேன். பதினோரு கூடும் காலி. கண்மாயில் தண்ணீர் கணுக்கால் அளவுதான். ஒருவகையில் சந்தோஷம், ஒருவகையில் வெறுமை. நாளை முதல் எதை எண்ணுவது?

வீட்டுக்கு வந்து பொன்னழகிடம், "இருபத்தஞ்சும் போயிருச்சு" என்றேன்.

அவள் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். "இருபத்தாறு" என்றாள்.

"என்ன இருபத்தாறு?"

"செருப்பைப் போடுங்க. காட்டுறேன்."

கண்மாயைச் சுற்றி அய்யனார் கோவிலுக்குப் பின்பக்கம் கூட்டிப் போனாள். நான் ஒருநாளும் அந்தப் பக்கம் நடந்ததில்லை. அங்கே தனியாக ஒரு மரம். அதில் ஒரு கூடு, ஒரே குஞ்சு, கிட்டத்தட்ட பெரியதாகிவிட்டது. தாய் பக்கத்துக் கிளையில் நின்றது.

"பங்குனியிலருந்து பாத்துக்கிட்டிருக்கேன். சாயந்திரம் கோவிலுக்கு வெளக்குப் போட வாரப்ப" என்றாள்.

அவள் கோவில் படியில் உட்கார்ந்துகொண்டு, "அந்த நாய் என்ன கலரு?" என்று கேட்டாள்.

"கருப்பு."

"சொகந்திட்டச் செவலைன்னீக."

நான் மரத்தை அண்ணாந்து பார்த்தேன்.

"குஞ்செல்லாம் தண்ணிக்கு நடுவுல மரத்து மேல இருக்கு. நாய் நீஞ்சி வந்துச்சாக்கும்? எதிர்க்கரையில நானும் நின்னேன். ஒரு நாயும் வரல. நாலு தாரும் ரெண்டு மூட்டைக் கத்திரிக்காயும் நாய்க்கா வாங்குனேன்? பல்லு வலிக்குதுன்னுட்டு முறுக்குக் கடிச்சீகளே, அன்னைக்கே எனக்குத் தெரியும், நீங்க எதையோ போட்டு உள்ளுக்குள்ள உருட்டுறீகன்னு."

"யாருக்கும் தெரியக் கூடாதுன்னு நெனச்சேன்" என்றேன்.

"அந்த 'யாருக்கும்'ல நானும் ஒருத்தியா?"

அவள் குரல் உடைந்தது. நாற்பது வருஷத்தில் அவளை இப்படிப் பார்த்தது இரண்டோ மூன்றோ தடவைதான். "ஊரே கரையில நின்னு வஞ்சுச்சு. நீங்க ஒத்தையாத் தண்ணிக்குள்ள நிக்கிறீக. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருந்தா, நானும் கூட எறங்கி நின்னுருப்பேன்ல?"

துண்டு போனபோதுகூட எனக்கு இப்படி இல்லை. ஊரிடம் மறைத்தது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். இவளிடம் மறைத்தது தப்பு. அதை அவளிடமே சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, உக்காருங்க" என்று படியில் இடம் விட்டாள்.

குஞ்சு கூட்டின் விளிம்புக்கு வந்து சிறகை அடித்துப் பார்த்தது. இரண்டு தரம் கால் எழும்பியது. பயந்து உட்கார்ந்துவிட்டது. ஒரு மணி நேரம் பார்த்தோம், இன்று அது பறக்கிற மாதிரி இல்லை. "நாளைக்கும் வருவம்" என்றாள் பொன்னழகு.

மதியம்: சோறு ஒரு கரண்டி, தட்டைப்பயறுக் குழம்பு, அவரைக்காய்.

நடை: மூன்றரை கிலோமீட்டர். ஆள்: இரண்டு.